ஸ்கர்ட் கட்டிய பிளாஸ்டிக்: உம்கேனி அணைகளில் பாஸ் பிடிக்க

டர்பனில் படகேறி வஞ்சிரம் பிடிக்கப் போகிறவர்களுக்கு, அதாவது நாம் இங்கே கூட்டா என்று சொல்லும் மீனுக்குப் போகிறவர்களுக்கு, டஸ்டர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கம்பி டிரேஸில் கோத்த இரை மீனின் மூக்குக்கு முன்னால் ஒரு கொத்து இழை. இரைக்குப் பருமன் கூடும், பளபளப்பும் கூடும். அப்பாவும் மாமாவும் கடலில் அப்படிக் கட்டிப் பழகிய வீடுகளிலிருந்துதான் இன்று நிறையப் பேர் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்க இனாண்டா, ஹேசல்மியர் அணைகளுக்குக் கோலைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆனால் அணைக்கு வந்ததும் ஸ்கர்ட் என்னும் இதே இழைக்கொத்து ஜிக்கோடு, அதாவது ஈயத் தலை வார்த்த கொக்கியோடு, வருவது, சாஃப்ட் பிளாஸ்டிக் என்னும் மென்மையான செயற்கை இரையை வெறுமையாகவே போட வேண்டும் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். இந்தப் பிரிவினை தேவையில்லை. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்து அணைகளில் சாஃப்ட் பிளாஸ்டிக்குக்கு ஸ்கர்ட் கட்டுவதற்கு அமெரிக்காவில் இருப்பதைவிட வலுவான காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம் நண்டு. கடையில் தொங்கும் கிரா வகைப் பிளாஸ்டிக்குகள் அமெரிக்க கிரேஃபிஷை, அதாவது நன்னீர்ச் சிங்கிறாலை, மனத்தில் வைத்து வார்க்கப்பட்டவை: நீண்ட உடல், ஒடுங்கிய வால், ஒரு முனையில் இரண்டு கொடுக்கு. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இயற்கையாக கிரேஃபிஷ் கிடையாது. உம்கேனி, ம்ட்லோட்டி ஆறுகளில் கல்லுக்கடியில் உட்கார்ந்திருப்பது பொட்டாமொனாட்டஸ் வகை நன்னீர் நண்டு. 1928-இல் நெதர்லாந்திலிருந்து கொண்டுவந்து, ஸ்டெல்லன்போஷ் பக்கத்து யோங்கர்ஸ்ஹூக்கில் குஞ்சு பொரிக்கவைத்து, பிறகு தென்னாப்பிரிக்கா முழுக்கப் பரப்பப்பட்ட பெருவாய் பாஸுக்கு இந்த நாட்டில் கிடைத்த ஓட்டுத் தீனி இதுதான். நண்டின் உடல் நீளத்தைவிட அகலம் அதிகம். ஓடும்போது பக்கவாட்டில் ஓடும், மிரட்டினால் நின்ற இடத்திலேயே கொடுக்கை உயர்த்தி விரியும். பத்து சென்டிமீட்டர் நீளமும் விரல் பருமனும் உள்ள ஒரு பிளாஸ்டிக்கை அந்த வடிவுக்குக் கொண்டுவர இருக்கும் மலிவான வழி, அதன் கழுத்தில் பன்னிரண்டு இழையைக் கட்டுவது.

உருவத்தோடு வேலை முடிந்துவிடாது. இழைகள் தண்ணீரைப் பிடித்து இரை இறங்கும் வேகத்தைக் குறைக்கும். அதே எடைக்குண்டோடு ஸ்கர்ட் இல்லாத பிளாஸ்டிக்கையும் ஸ்கர்ட் கட்டியதையும் நீச்சல் குளத்தில் ஒன்றாக விட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இன்னொன்று, இரையை நிறுத்தினாலும் இழை நிற்காது. பின்னுக்கு மடங்கியிருந்த இழை இழுப்பு நின்றதும் மெல்ல விரியும், நீரின் சிறு அசைவுக்குக்கூட ஆடும். வெறும் பிளாஸ்டிக் அடியில் கிடக்கும்போது அது ஒரு துண்டு பிளாஸ்டிக்தான். ஸ்கர்ட் கட்டியது கிடக்கும்போதும் மூச்சு விடுகிறது. பாஸ் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சும் மீன். அப்படி உறிஞ்சும்போது இழைகள் மடிந்து உள்ளே போய்விடும், அதனால் பெரிதாகத் தெரியும் இரை வாய்க்குள் சிறிதாகிவிடுகிறது. தடித்த பிளாஸ்டிக்கால் இதைச் செய்ய முடியாது.

இழைகளில் மூன்று வகை. இன்று எல்லாக் கடையிலும் கிடைப்பது சிலிக்கோன்: தட்டையான இழை, நூறு நிறம், மினுமினுப்பு கலந்தது, வெயிலைத் தாங்கும். பழைய வகையான ரப்பர் இழைக்கு நிறம் குறைவு, வெயிலில் பிசுபிசுத்துப் போகும், எண்ணெய்ப் பசையுள்ள வாசனைத் திரவம் பட்டால் கெடும். ஆனாலும் ஜூன், ஜூலைக் குளிர்ந்த நீரில் அது விரியும் விதத்தைச் சிலிக்கோன் இன்னும் எட்டவில்லை என்பது என் உறுதியான கருத்து. மூன்றாவது, ஹூலா கிரப் மாதிரி பிளாஸ்டிக்கோடு சேர்த்தே வார்த்த ஸ்கர்ட். அதில் காலர், அதாவது இழைகளை இறுக்கிப் பிடிக்கும் சிறு ரப்பர் வளையம், நழுவும் தொல்லை இல்லை, ஆனால் இழையின் எண்ணிக்கையையோ நிறத்தையோ மாற்ற முடியாது. பாறை அடியில், அரை அவுன்ஸ் ஃபுட்பால் வடிவ ஜிக் தலையில் மாட்டி இழுக்க அது நன்றாகவே போதும்.

இனி கட்டும் வேலை.

சிலிக்கோன் பட்டையாக வரும். ஒரு பட்டையில் ஏறக்குறைய 20 இழை, இரு முனையும் வெட்டப்படாமல் ஒட்டியிருக்கும். ஜிக் ஸ்கர்ட்டுக்கு இரண்டு மூன்று பட்டை போடுவார்கள். பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு போட்டால் துடைப்பம் போல நிற்கும், இரையின் ஆட்டம் முழுக்க அதற்குள் புதைந்துவிடும். 12 முதல் 16 இழை போதும். பழுப்பு அல்லது கிரீன் பம்ப்கின் என்னும் பழுப்புப்பச்சை நிறத்தில் பத்துப் பன்னிரண்டு, அடிப்பக்கம் வரும்படி ஆரஞ்சில் இரண்டு மூன்று. நம் ஆற்று நண்டுகளின் பழுப்பும் காவியும் கலந்த நிறத்துக்கு இது நெருக்கமாக வரும்.

நீள்மூக்குக் குறடின் முனையைக் காலருக்குள் விட்டுத் திறந்தால் காலர் விரியும். அந்த இடைவெளியில் இழைப்பட்டையை நுழையுங்கள். காலர் இழையின் நட்டநடுவில் வர வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு முன்னாலும் இரண்டு பங்கு பின்னாலும் நிற்கட்டும். இழைகள் வட்டம் முழுக்கப் பரவியிருக்கின்றனவா என்று பாருங்கள், ஒரே பக்கம் குவிந்தால் இரை இறங்கும்போது சுழலும், தூண்டில் நரம்பு முறுக்கேறும். பிறகு பிளாஸ்டிக்கின் மூக்கைத் தண்ணீரில் நனைத்து, விரிந்த காலருக்குள் விட்டு, மூக்கு நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வந்ததும் குறடை உருவுங்கள். முதல் வரிப்பள்ளம் இருக்கும் பிளாஸ்டிக்காக இருந்தால் காலர் அதில் உட்காரட்டும்.

காலர் பிளாஸ்டிக்கைவிடச் சற்றே சிறிதாக இருக்க வேண்டும். மிகச் சிறியதாக இருந்தால் உப்பு கலந்த மென்மையான பிளாஸ்டிக்கை நான்கைந்து வீச்சில் அறுத்துவிடும், தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கம் ஆகும். இதற்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு. மின்கம்பி இணைப்புகளுக்குப் போடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயில் அரை சென்டிமீட்டர் துண்டு வெட்டி, அதை முதலில் மூக்கில் மாட்டி, அதன் மேல் காலரை உட்காரவைப்பது. சூடு காட்ட வேண்டியதில்லை. ஒரே பிளாஸ்டிக் பல மீனுக்குத் தாங்கும்.

பிறகு, முனை பிளாஸ்டிக்குக்குள் மறையும் டெக்சஸ் முறையில் கொக்கி. நான்கு அங்குல கிராவுக்கு 4/0 அகல வளைவுக் கொக்கி. முனை மூக்கில் நுழைந்து, காலருக்குக் கீழே புகுந்து, காலருக்குச் சற்றுப் பின்னால் வெளியே வரட்டும். இப்போது காலர் பிளாஸ்டிக்கையும் கொக்கியின் கழுத்தையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது. வெறும் பிளாஸ்டிக்கில் இரண்டு வீச்சுக்கு ஒருமுறை மூக்கு கொக்கியில் சறுக்கிக் கீழே சுருண்டு நிற்குமே, அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். ஸ்கர்ட்டின் இந்த உபகாரத்தை யாரும் பேசுவதில்லை, எனக்கு இதற்காகவே கட்டலாம் என்று தோன்றும்.

முனையை முதுகில் புதைக்கும்போது கவனம் தேவை. இழைகளை இரு பக்கமும் விரலால் ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக்கின் தோலுக்குள் மட்டும் முனையை மறையுங்கள். ஒரே ஒரு இழை முனைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் சிக்கினாலும் சுண்டும்போது முனை தடுமாறும். மீன் கடித்தது, கோல் வளைந்தது, பிறகு வெறுமையாக வந்தது என்ற புலம்பலில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது.

வெட்டுவதை நனைத்த பிறகு செய்யுங்கள். காய்ந்த ஸ்கர்ட் புசுபுசுவென்று நின்று ஏமாற்றும். பின்பக்க இழை கொடுக்கின் அடிவரை வந்தால் போதும், அதாவது நான்கு அங்குல இரைக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர். கொடுக்கைத் தாண்டிப் போனால் மீன் இழையை மட்டும் கவ்விவிட்டுப் போகும். முன்பக்கத்து இழையை 1 முதல் 1.5 சென்டிமீட்டருக்குக் குறையுங்கள். குட்டையான இழை விறைப்பாக நிற்கும், மடங்காது. கழுத்தைச் சுற்றி நிற்கும் அந்தக் குட்டை வட்டம்தான் நண்டின் ஓட்டு அகலத்தைத் தருகிறது. ஒரே நேர்கோட்டில் வெட்டாமல், இரண்டிரண்டு இழையாகப் பிடித்து, சில மில்லிமீட்டர் ஏற்ற இறக்கமாக வெட்டுங்கள்.

திறந்த அடிநிலத்துக்கு 10 கிராம், அதாவது கடையில் 3/8 அவுன்ஸ் என்று கேட்கும் எடைக்குண்டு சரியாக வரும். நரம்பு 15 முதல் 17 பவுண்டு ஃப்ளூரோகார்பன். குண்டை மூக்கோடு ஒட்டி, நரம்பில் அதை நகராமல் நிறுத்தும் ஸ்டாப்பரால் இறுக்கினால் முன்பக்க இழை அதனடியில் நசுங்கிப்போகும். ஸ்டாப்பரை ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். குண்டு அடியில் கிடக்க, இழை தன் இஷ்டத்துக்கு விரியும். செடி இல்லாத இடமென்றால் ஸ்டாப்பரே வேண்டாம். குண்டு முதலில் இறங்கும், பின்னால் இரை இழையை விரித்துக்கொண்டு மெதுவாக வரும், கடி பெரும்பாலும் அந்த இறக்கத்திலேயே விழும்.

இழுப்பது கோலைப் பக்கவாட்டில் நகர்த்தி. மேலே தூக்காதீர்கள். நண்டு குதிக்காது, ஊர்ந்து போகும். 20, 30 சென்டிமீட்டர் இழுப்பு, பிறகு பத்து வினாடி நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்காகத்தான் இவ்வளவு வேலையும் செய்தோம், அதை அவசரத்தில் பறிகொடுக்காதீர்கள். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ கோல்நுனி கனத்தாலோ தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, பிறகு நீளமாக வீசி இழுங்கள்.

இழையை முன்பக்கமாகத் திருப்பிக் கட்டும் முறையும் உண்டு: நீளமான பாதி நரம்பை நோக்கியும் குட்டைப் பாதி வாலை நோக்கியும் இருக்கும். இழுக்கும்போது தண்ணீர் இழைகளைப் பின்னுக்கு மடக்கும், நிறுத்தினால் அவை பழைய நிலைக்கு எழும்பித் திறக்கும். துடிப்பு கூடும். பாறை முனைகளில், தெளிந்த நீரில், ஆள் நடமாட்டம் பார்த்துப் பழகிய மீனுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. செடிக்குள் போட்டால் ஒவ்வொரு இழையும் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு வரும்.

செடி என்றதும் இனாண்டாவின் ஆகாயத்தாமரைக்கு (வாட்டர் ஹயசிந்த்) வர வேண்டும். மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று உம்கேனி வரிசையாக நான்கு அணையில் தேங்கி வருகிறது. கடைசியில் இருக்கும் இனாண்டாவில் ஆகாயத்தாமரை பல காலமாக ஒரு தொல்லை. தண்ணீருக்கும் மக்களுக்கும் கேடு செய்யும் செடி என்பதில் ஐயமில்லை, ஆனாலும் அது இருக்கும் வரை அதன் நிழலில் பாஸ் இருக்கிறது. அதை எட்டும் கருவி, செடிப் படலத்தைத் துளைத்து இறங்கும் பஞ்ச் ஸ்கர்ட்.

இதில் ஸ்கர்ட் பிளாஸ்டிக்கின் மூக்கில் உட்காராது, நரம்பிலேயே கோக்கப்படும். வரிசை இது: முதலில் ஸ்டாப்பர் இரண்டு, ஒன்று நழுவினாலும் மற்றது பிடிக்கும். பிறகு டங்ஸ்டன் குண்டு, பிறகு ஸ்கர்ட், கடைசியில் வளையாத நேர்த்தண்டுக் கொக்கி, 4/0 அல்லது 5/0. குண்டு 1 முதல் 1.5 அவுன்ஸ், அதாவது 28 முதல் 42 கிராம். இங்கே டங்ஸ்டனுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனின் அடர்த்தி 19.3. ஒரே எடைக்கு டங்ஸ்டன் குண்டு மிகவும் சிறியது, சிறிய துளைக்குள் புகும். நரம்பு 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு. அதன் முனையில் ஃப்ளூரோகார்பன் லீடர் முடிய வேண்டாம். முடிச்சு ஒன்று கூடினால் சிக்கும் இடமும் ஒன்று கூடும்.

தயார் பஞ்ச் ஸ்கர்ட்டுக்குத் துளையுள்ள தலை ஒன்று இருக்கும். கிடைக்காவிட்டால் மீன்தொட்டிக்குக் காற்று அனுப்பும் மெல்லிய குழாயில் 8 மில்லிமீட்டர் வெட்டி, அதன் மேல் காலரோடு இழையை ஏற்றிவிடுங்கள். நரம்பு குழாய்க்குள் போகும். காலர் நழுவாமல் இருக்க, ஏற்றும் முன் குழாயின் நடுவில் ஒரு சொட்டு சூப்பர் குளூ. இந்த ஸ்கர்ட்டில் எல்லா இழையும் பின்னோக்கி இருக்க வேண்டும், முன்பாதியை ஒட்ட வெட்டிவிடலாம். தலை குண்டின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குண்டு துளைக்குள் போய்விடும், ஸ்கர்ட் இலைத்தண்டில் தட்டி மேலேயே நின்றுவிடும், நீங்கள் மீன் இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு காத்திருப்பீர்கள்.

கொக்கிக்கு ஸ்னெல் முடிச்சு. நரம்பைக் கொக்கிக் கண்ணுக்குள் முனை இருக்கும் பக்கத்திலிருந்து நுழைத்து, தண்டோடு படியவைத்து, ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்குவது. நரம்பு எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சரியான பக்கத்திலிருந்து நுழைந்தால், நரம்பு இறுகி குண்டும் ஸ்கர்ட் தலையும் கண்ணை அழுத்தும்போது முனை வெளிப்பக்கமாக உதைக்கும், மீனின் மேல்தாடையில் ஏறும். எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைந்தால் முனை உள்ளே மடங்கும். கண் முழுக்க மூடாத கொக்கிகளில் மெல்லிய பிரெய்டு அந்த இடுக்கில் நழுவி அறுந்துபோவதும் உண்டு. கண் பற்றவைத்து மூடிய கொக்கியாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையேல் அந்த இடுக்கை ஒரு சொட்டுப் பசையால் அடையுங்கள்.

பிளாஸ்டிக் சிறியதாக, கொடுக்கு ஒடுங்கியதாக இருக்கட்டும். விசிறிக் கொடுக்கு உள்ளது இலைத்தண்டில் தடுக்கும். பருமனை ஸ்கர்ட் பார்த்துக்கொள்ளும், அதற்காகத்தான் அதைக் கட்டுகிறோம்.

ஆகாயத்தாமரை மற்ற பாசிப் படலம் மாதிரி தட்டையாகப் படுத்திருக்காது. தண்டு உயரமாக நிற்கும், கீழே வேர்க்கொத்து தொங்கும். தூரத்திலிருந்து தாழ்வாக வீசினால் இரை இலைமேல் சறுக்கிக்கொண்டு போகும். அருகில் போய், உயரத் தூக்கி எறிந்து, செங்குத்தாக விழவையுங்கள். விழும் கணத்தில் நரம்பைத் தளர்த்துங்கள், பிடித்தால் இரை உங்கள் பக்கம் ஊசலாடி வேரில் மாட்டும். அடிவரை இறங்கட்டும், ஒருமுறை 30 சென்டிமீட்டர் தூக்கி விடுங்கள், இன்னொரு முறை, மூன்றாவது முறை. ஒன்றும் இல்லையென்றால் எடுத்து அடுத்த துளைக்குப் போங்கள். ஒரே துளையில் ஐந்து நிமிடம் நிற்பதைவிட ஐந்து துளை பார்ப்பது மேல். பரந்து அடர்ந்த படலத்தின் நடுவில் நேரத்தை வீணாக்க வேண்டாம், அங்கே கீழே பிராணவாயு குறைந்துவிடும். ஓரத்திலிருந்து ஓரிரு மீட்டர், காற்று தள்ளிப் புதிதாகச் சேர்ந்த படலம், படலத்துக்குக் கீழே சரிவோ மூழ்கிய மரமோ உள்ள இடம், இவைதான் மீன் நிற்கும் இடங்கள். கடித்ததும் யோசிக்காமல் கோலை மேல்நோக்கி இழுத்து, நிறுத்தாமல் சுற்றுங்கள். மீனின் தலை படலத்துக்கு மேலே வந்துவிட வேண்டும். வேரைச் சுற்றிவிட்டால் படகை அதன்மேல் கொண்டுபோய்க் கையால்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நீண்ட ஸ்டிக் வகைப் பிளாஸ்டிக்கின் நடுவில் காலரோடு ஆறேழு இழை மாட்டி, நடுவிலேயே கொக்கி குத்தி, எடையில்லாமல் விடுவது நாணல் ஓரத்துக்கு நல்லது. கரும்புத் தோட்டங்களுக்குள் இருக்கும் சிறு பண்ணை அணைகளில் கரையிலிருந்து பிடிக்க இதைவிட எளிய ஏற்பாடு தேவைப்படாது. துடுப்பு வால் உள்ள மீன் வடிவ ஸ்விம்பெய்ட்டுக்கு ஸ்கர்ட் கட்டுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. கழுத்திலிருந்து கிளம்பும் இழை வாலுக்குப் போகும் நீரோட்டத்தைக் கலைத்து, வால் ஆடுவதைக் குறைக்கிறது. கோடையில் திலாப்பியாக் குஞ்சுகள் கரையோரம் கூடும் நாட்களில் வெள்ளையும் சாம்பலும் கலந்து எட்டு இழைவரை கட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நிறத்தைத் தண்ணீர் தீர்மானிக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை இடிமழைக்குப் பிறகு ஆறு வந்து சேரும் தலைப்பகுதிகள் செம்பழுப்பாகிவிடும். அங்கே கருப்பும் நீலமும், 16 இழை முழுதாக. குளிர்காலத்தில் மழை நின்று தண்ணீர் தெளியும்போது பழுப்பு, பச்சை, இழையைப் பத்துக்குக் குறைத்து, இறங்கும் வேகம் தாழ 7 கிராம் குண்டு. மினுமினுப்பு இழை வெயில் நாளில் ஒன்றிரண்டு போதும். மேகமூட்டத்தில் அது இருந்தும் இல்லாததுதான்.

வசந்தத்தில் ஒரு சங்கடம் வரும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இங்கே பாஸ் கரையோரத்தில் கூடமைத்து முட்டையிடும். கூட்டைக் காக்கும் ஆண்மீன் பசிக்காகக் கடிப்பதில்லை, அருகில் வரும் எதையும் தூக்கி வெளியே போடத்தான் கடிக்கும். ஸ்கர்ட் கட்டிய நண்டு உருவம் அதை மிக எளிதில் ஏமாற்றிவிடும். புரட்டாசியில் நம் வீடுகளில் எப்படியும் மீன் சமைப்பதில்லை. அந்த வாரங்களில் கூடு தெரியும் ஆழங்குறைந்த இடங்களை விட்டுவிட்டு, வெளியே சரிவிலும் மரத்தடியிலும் போடுங்கள். கூட்டிலிருந்து மீனை எடுத்த சில நிமிடங்களில் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும்.

கடி விழுந்தும் மீன் ஏறவில்லை என்றால் இரையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இழைமுனைகள் மட்டும் கசங்கியோ குறைந்தோ இருந்தால் ஸ்கர்ட் அதிக நீளம், அரை சென்டிமீட்டர் வெட்டுங்கள். பிளாஸ்டிக்கின் நடுவில் பல்தடம் இருந்தும் மீன் ஏறவில்லை என்றால் கொக்கியின் வாய் அடைபட்டிருக்கிறது. இழையைக் குறையுங்கள், அல்லது கொக்கியை ஓர் அளவு பெரிதாக்குங்கள். கொடுக்கு மட்டும் பிய்ந்து வந்தால் ஸ்கர்ட்டைக் குறை சொல்லாதீர்கள், அது சிறிய மீனோ திலாப்பியாவோ கடித்த வேலை. காலர் நழுவிக் கொக்கி வளைவில் வந்து கிடந்தால் காலர் கிழடு தட்டிவிட்டது. விரலால் இழுத்துப் பார்த்து மேற்பரப்பில் நுண்வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். காலர் கொஞ்சக் காசுதான், அது போனால் தண்ணீருக்குள் பிளாஸ்டிக்கும் போகிறது.

சேமிப்பில்தான் பலரும் நல்ல ஸ்கர்ட்டைப் பாழாக்குகிறார்கள். சாஃப்ட் பிளாஸ்டிக்கில் இருக்கும் மிருதுவாக்கும் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். ஸ்கர்ட் கட்டிய பிளாஸ்டிக்கை அப்படியே பெட்டியில் போட்டு மாதக்கணக்கில் விட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ரப்பர் இழையானால் கூழாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஸ்கர்ட்டைத் தனியே கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, நிழலில் காயவைத்து, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி வேறு பையில் வையுங்கள். வெள்ளை இழையைக் கருப்புப் பிளாஸ்டிக்கோடு வைத்தால் சாயம் ஏறும், பிறகு எதைப் போட்டாலும் போகாது. மிதக்கும், இழுத்தால் நீளும் எலாஸ்டெக் வகை இரைகளைச் சாதாரணப் பிளாஸ்டிக்கோடு ஒரே பையில் ஒருபோதும் வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து உருகிவிடும். டர்பன் ஜனவரி வெயிலில் காரின் டிக்கியில் கிடந்த பிளாஸ்டிக் வளைந்துபோனால், கொதிக்காத வெந்நீரில் சில வினாடி முக்கி, தட்டையாகக் கிடத்தி, பச்சைத் தண்ணீரில் விடுங்கள், நேராகிவிடும். வளைந்த பிளாஸ்டிக்குக்கு எவ்வளவு நேர்த்தியாக ஸ்கர்ட் கட்டினாலும் அது சுழலத்தான் செய்யும்.

கிழிந்த பிளாஸ்டிக்கையும் வெட்டிய இழையையும் தண்ணீரில் எறியாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பஞ்ச் செய்துவிட்டுக் கிளம்பும் முன் ஸ்கர்ட், ரீல், டிரெய்லரின் சக்கர இடுக்கு எல்லாவற்றிலும் ஆகாயத்தாமரைத் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வேரோடு ஒரு சிறு துண்டு போதும், அடுத்த வாரம் நீங்கள் போகும் ஹேசல்மியரிலோ பண்ணை அணையிலோ அது பிடித்துக்கொள்ளும். பிடித்த மீனை உயிரோடு வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோய் விடவும் கூடாது, பாஸ் இந்த நாட்டுச் சட்டப்படி அந்நிய ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் இருக்கும் மீன்.